குடிகாரர் என் கணவர், ஈரல் என்னுடையது

எங்கள் குடும்பத்தில் குடிகாரர் என்று பெயர் வாங்கியவர் என் கணவர். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை. சனிக்கிழமை மாலையானால் வீட்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு, ஊர் பார்க்க பீர் குடிப்பார். அவருக்குப் புத்தி சொல்வதற்கென்றே அவருடைய அக்கா மாதம் ஒருமுறை பாலிக் புலாவிலிருந்து வருவார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

நான் குடித்ததை யாரும் குடி என்று சொல்லவில்லை. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, ரத்தம் ஊறும் என்று மாமியார் கருப்பு பீர் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் நான் பிரசவ உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பாயான் பாரு தொழிற்சாலையில் என் வேலை முடிந்து வந்து சமையலை முடித்ததும் தினமும் இரண்டு டின், தேநீர்க் குவளையில். கணவருக்குத் தெரியும். அதை அவர் ஒருவகை டானிக் என்றே நினைத்திருந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் கால் வீங்கியது. பிறகு கண் மஞ்சளானது. ரத்தம் எடுத்து, ஸ்கேன் செய்து, முடிவு கேட்க இருவரும் போனோம். டாக்டர் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. அறிக்கையைப் பார்த்தார், என் கணவரின் தொப்பையைப் பார்த்தார், ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, எவ்வளவு குடிப்பீங்க?"

"சனிக்கிழமை மட்டும்தான் டாக்டர். நாலு டின்."

"ஈரல் தழும்பாயிருச்சு. இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது."

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். திட்டு வாங்கிப் பழகிய மனிதர். நானும் பழக்கதோஷத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் டாக்டர் பெயரைச் சரிபார்த்தபோதுதான் நான் மெல்லக் கையைத் தூக்கினேன்.

"அக்கா, நீங்களா? நீங்க குடிப்பீங்களா?"

"எப்பவாவது ரெண்டு டின்."

"எப்பவாவதுன்னா? வாரத்துக்கா?"

"தினமும்லா," என்றார் கணவர். அவர் குரலில் இத்தனை தெம்பை நான் கேட்டதே இல்லை.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பெண் உடம்பு குறைந்த அளவிலேயே கெட்டுவிடும், அதோடு எனக்கு இனிப்பு நீர் வியாதியும் எடையும் சேர்ந்துகொண்டன என்றார். "எவ்வளவு நாள் இருப்பேன்?" என்று கேட்டேன். "நிறுத்துனா நிறைய வாய்ப்பு இருக்கு. தொடர்ந்தா ஒன்னும் சொல்ல முடியாது." அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றோடு நிறுத்தினேன். கை நடுங்கிய முதல் வாரம் வார்டில் படுத்திருந்தேன்.

கணவரையும் சோதித்தார்கள். ஈரல் சுத்தம். "இது லைசென்ஸ் இல்ல அண்ணே," என்று டாக்டர் எச்சரித்தும், அந்தக் காகிதத்தை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்.

சொந்தக்காரர்கள் கீழாநெல்லியோடு வந்தார்கள். வெளிச்சாப்பாட்டால் வந்த மஞ்சள் காமாலை என்று அவர்களே முடிவு செய்து, அவர்களே ஊருக்கும் சொன்னார்கள். என் ஈரலைவிட என் மானத்தை நன்றாகக் கவனித்தார்கள். உண்மை கொஞ்சம் கசிந்தபோது, பழி மறுபடியும் கணவர் மேல்தான் விழுந்தது. டுரியான் பழப் பருவத்தில் பாலிக் புலாவுக்குப் போயிருந்தோம். அவருடைய அக்கா எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ குடிச்சுக் குடிச்சுதான் இவ மனசு ஒடைஞ்சு ஈரல் கெட்டுப் போச்சு!"

அவர் வழக்கம்போலத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, அவர் குடிச்சது அவர் வயித்துக்குள்ளதான் போச்சு. என்னோடத நான்தான் குடிச்சேன். தினமும்."

பழத்தைப் பிளந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

சற்று நேரம் கழித்துக் கை கழுவப் போனேன். அக்கா பின்னாலேயே வந்து சமையலறைக் கதவைச் சாத்தினார். எனக்கு அறை விழப்போகிறது என்றே நினைத்தேன்.

"ஏம்மா," என்றார் கிசுகிசுப்பாக, "தினமும் ஒரு டின்னுன்னா பரவாயில்லையா?"

இருபது வருடமாகப் புத்தி சொன்ன முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. அடுத்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அவருக்கு ஈரலில் கொழுப்பு மட்டும்தான், தழும்பு விழவில்லை. பயத்தில் நிறுத்திவிட்டார்.

என் கால் வீக்கம் வற்றிவிட்டது. தழும்பு போகாது, ஆனால் பெருகவில்லை என்கிறார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்காவும் நானும் சேர்ந்தே போகிறோம். என் கணவர்தான் காடி ஓட்டுகிறார். வழி நெடுக எங்கள் இருவருக்கும் குடியின் கேடுகளைப் பற்றிப் புத்தி சொல்லிக்கொண்டே வருகிறார்.