அண்ணி மறந்ததாகச் சொன்ன மொழி

உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறக் கருவி அது. மூடியைத் திறந்தால் மேலே சின்னத் திரை, கீழே எழுத்துப் பொத்தான்கள். ஆங்கிலச் சொல்லொன்றைத் தட்டினால் அதற்கான ஜப்பானியச் சொல் திரையில் வரும். ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல் அதைச் சொல்லியும் காட்டும். சளி பிடித்தவள் குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும் அந்தக் குரல். கண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஜப்பான்காரர் ஒருவர், விமான நிலையத்தில் அதை என் அண்ணன் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அண்ணன் சுற்றுலா வேன் ஓட்டினார். கலவரத்தில் அப்பாவின் கடை எரிந்தபிறகு படிப்பை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர். யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் வெளிநாட்டார் வருவது குறைந்துபோயிருந்தது. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையை வணங்கவென்று ஜப்பானியர் மட்டும் ஓரளவு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் பாஷை கொஞ்சம் தெரிந்தால் வழிகாட்டி வேலையும் தனக்கே கிடைக்கும் என்று அண்ணன் நினைத்தார். ஆனால் அவருக்கு ஆங்கிலமே தடுமாற்றம். கன்னியர் மடப் பள்ளியில் படித்த அண்ணிதான் கருவியை வாங்கிக்கொண்டார்.

கணவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் அண்ணி ஆரம்பித்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக் குசினியில், தேங்காய் துருவிக்கொண்டே அந்தக் குரலோடு சேர்ந்து சொல்லுவார். இடது, வலது, எத்தனை, என்ன நிறம், எங்கே. பயணிகள் கடையிலும் தெருவிலும் கேட்கும் கேள்விகள்தான் அதில் அதிகம். அண்ணன் மறுநாள் பேசவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பாதியில் மறந்துவிடுவார். அண்ணிக்கோ ஒன்றும் மறக்காது. போகப்போக அந்தக் குரலின் ஏற்ற இறக்கமும் இழுப்பும் அப்படியே அவருக்கு வந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் கருவி பேசுகிறதா, அண்ணி பேசுகிறாரா என்று தெரியாது. "இவளுக்குள்ள ஒரு ஜப்பான்காரி புகுந்துட்டா" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஜப்பானியர் எவரோடும் அண்ணி பேசியதில்லை. ஒருமுறை வயதான தம்பதியை அண்ணன் தேநீருக்காக வீட்டுக்கு அழைத்து வந்தார். எவ்வளவு கூப்பிட்டும் அண்ணி குசினியைவிட்டு வெளியே வரவில்லை. தட்டில் தேநீரை வைத்து என்னிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று அவர்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அண்ணனின் வேனில் புறப்பட்டுப் போன அதே தம்பதி, சாயங்காலம் ஒரு முச்சக்கர வண்டியில் வந்து வாசலில் இறங்கினார்கள். அண்ணன் இல்லை, வேனும் இல்லை. பெரியவர் எதையோ திரும்பத் திரும்பச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அப்போது அண்ணி குசினியிலிருந்து வந்து அவர் எதிரே நின்று, அந்தக் கருவியின் குரலில், எங்கே என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். பெரியவர் பேச்சை நிறுத்தி அவரையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

எத்தனை பேர், என்ன நிற உடுப்பு, அண்ணனை ஏற்றிப்போன ஜீப் இடப்பக்கம் திரும்பியதா, வலப்பக்கமா என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்காரனிடம் பேசுவதற்காகப் படித்த சொற்களால்தான் புருஷனைத் தேடினார். கலகெதரச் சோதனைச் சாவடியில் அண்ணனை இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், சட்டைப் பையில் அன்று அண்ணியிடம் கேட்டு வாங்கிப்போயிருந்த அந்தக் கருவி. சிப்பாய் ஒருவன் பொத்தானை அழுத்த, அது பேசியிருக்கிறது. செய்தி அனுப்பும் கருவி என்று சந்தேகப்பட்டு அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். கண்டிப் பக்கம் வரவில்லை, குருநாகல் பக்கம் போனது. அண்ணி கேட்டிராவிட்டால் நாங்கள் கண்டியிலுள்ள பொலிஸ் நிலையங்களையே சுற்றிக்கொண்டிருந்திருப்போம். வேன் முதலாளி நல்ல மனிதர், சிங்களவர். உடனே குருநாகல் பாதையில் போய் விசாரித்து, அண்ணனை வேறிடத்துக்கு மாற்றுவதற்குள் கண்டுபிடித்தார். தெரிந்தவர் பார்த்துவிட்டார் என்பதாலேயே அவர் உயிரோடு இருந்தார் என்று பிற்பாடு வக்கீல் சொன்னார்.

சில மாதங்கள் கழித்து அண்ணன் விடுதலையாகி வந்தார். கருவி திரும்பி வரவில்லை. அந்தத் தம்பதி சொல்லியோ என்னவோ, கண்டிச் சுற்றுலா நிறுவனமொன்றிலிருந்து அண்ணியைத் தேடி ஆள் வந்தார். ஜப்பானியக் குழுக்களுக்கு வழிகாட்டியாக வரச் சொன்னார். அண்ணியின் முகத்தை அவ்வளவு பிரகாசமாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில், வந்தவருக்கு ஒரு வாக்கியத்தைப் பேசிக் காட்டினார்.

உள்ளே படுத்திருந்த அண்ணன் எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டார். ஆள் போனபிறகுதான் வந்தார். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதை அழுத்தி அழுத்தி, இந்தப் பொம்பள யாரு, யாருன்னு கேட்டுத்தான் அடிச்சாங்க. நீ பேசுனா எனக்கு அந்தக் குரல்தான் கேக்குது. இந்த வீட்ல அது வேணாம்."

"சரிங்க" என்றார் அண்ணி. அவ்வளவுதான். அந்த மொழிதான் அவரை மீட்டது என்று சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் எங்களால் முடியவில்லை. அண்ணன் வேன் ஓட்டுவதை விட்டுவிட்டு இரும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். குசினியில் அதன்பிறகு தேங்காய் துருவும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

யுத்தம் முடிந்து பல வருடங்கள் கழித்து, அண்ணன், அண்ணி, நான் மூவரும் பேராதனைப் பூங்காவுக்குப் போனோம். அடுத்த மரத்தடியில் ஒரு ஜப்பானியக் குழு வந்து உட்கார்ந்தது. அவர்களில் ஒருவர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார் போலும். அவருடைய ஆட்கள் சிரிப்பதற்கு முன்பே அண்ணியின் உதடு விரிந்தது. அண்ணனும் அதைப் பார்த்தார். கைத்தடியால் அந்தக் குழுவைக் காட்டினார். பிறகு, "போய்ப் பேசேன்" என்றார். "எனக்கு ஒண்ணும் ஆவாது இப்ப."

"எல்லாம் மறந்து போச்சுங்க" என்றார் அண்ணி.

சற்று நேரத்தில் அந்தக் குழுவிலிருந்த ஒரு கிழவி, வாசலுக்கு வழி தெரியாமலோ என்னவோ, எங்களிடம் வந்து தன் மொழியிலேயே எதையோ கேட்டாள். நானும் அண்ணனும் விழித்தோம். அண்ணி எழுந்து நின்று, வாய் திறக்காமல், கையை இடப்பக்கமாக நீட்டிக் காட்டினார்.