நாய்ப் பதிவேட்டில் நான் எழுதாத வரி

மஞ்சள் பூசியதை எழுதிய அதே கை, அதற்குச் சற்று முந்தி நடந்ததை ஏன் எழுதவில்லை? ஒரு மாதத்துக்கு மேலாக யோசிக்கிறேன்.

என் கணவரின் அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன்; என் மகளுக்கு அவர் மாமி. நாங்கள் குடியேறிய ஸ்காபரோவில் அவர் நாய்களைப் பராமரிக்கும் இடம் ஒன்று நடத்துகிறார். விடுமுறைக்கு ஊருக்கோ கியூபாவுக்கோ போகிறவர்கள் தங்கள் நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். லைசென்ஸ் தருவது நகரசபை. நட்சத்திரம் தருவது இந்தத் தொழிலுக்கான ஒரு சங்கம். அவர்களுடைய இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்து, கூடுகளை அளந்து, பதிவேட்டைப் புரட்டி, ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுவார். அந்த அட்டையை வாசல் கண்ணாடியில் ஒட்டவேண்டும். எங்களுடையது ஐந்து. மச்சாள் அதற்கு மேலே ஒரு பிள்ளையார் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார்.

நான் அங்கே பகலில் வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்துவிட்டு நாய் மலம் அள்ளுகிறேன். மகளின் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவருகிற வேலை வேறு கிடைக்கவில்லை. பதிவேடு என் பொறுப்பு. எந்த நாய் எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை தரம் வெளியே போனது, எல்லாம் எழுதுவேன். எழுதியதைத் திரும்ப வாசிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் சரியாக எழுதினேனா என்று யோசிப்பேன்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. ஐந்து வயது மகளை விட்டுப் போக ஆள் இல்லை. நாய்கள் இருக்கும் பகுதிக்குள் சிறுபிள்ளைகள் வரக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அந்த விதிகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியதே நான்தான். அவளை முன் அறைக் கதிரையில் இருத்தி, ஐபாட்டைக் கையில் கொடுத்து, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் தண்ணீர்ச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் மெல்ல வந்து, ஒரு மண்ணிற நாயைத் தடவுவதற்காகக் கம்பிக் கதவைத் திறந்திருக்கிறாள். நாய் துள்ளி வந்ததும் பயந்து அடித்துச் சாத்திவிட்டாள். அதன் முன்கால் கதவில் அகப்பட்டது.

நாய் வீரிட்டது. மகள், "சொறி அம்மா, சொறி" என்று மன்னிப்புக் கேட்டு அழுதாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் முன் அறையில் விட்டுவிட்டு ஓடி வந்தால், பின்வாசலால் வந்த மச்சாள் நாய்க்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"என்ன நடந்தது?"

"கதவிலை அடிபட்டிட்டுது, மச்சாள்."

அது பொய் இல்லை. அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது.

"டொக்டரிட்டைக் காட்டுவமோ?" என்று கேட்டேன்.

"உந்தச் சின்னக் கீறலுக்கோ? பொறும்." மதியச் சமையலுக்கு வைத்திருந்த மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தார். "எங்கடை காயமெல்லாம் உதாலைதானே ஆறினது. நாய்க்கு என்ன, வேறை தோலோ?"

செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவர் பூசி முடிக்கும்வரை நாயின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் பதிவேட்டில் எழுதினேன்: முன்காலில் கீறல், மஞ்சள் பூசப்பட்டது. காரணம் எழுதவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

காயம் சுகமாக ஆறியது. நாயின் சொந்தக்காரர் மஞ்சள் பிடித்த காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கூட்டிப் போனார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை வந்தவர் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, கறிக்குப் போடும் மஞ்சளா என்று இரண்டு தரம் கேட்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. மிருக வைத்தியரைக் கேட்காமல் மருந்து போட்டதற்காக, இரண்டு நட்சத்திரம்.

"உந்த மஞ்சளை ஏன் எழுதினனீர்?" என்றார் மச்சாள். "நீர் என்ன, கோர்ட்டிலையே சாட்சி சொல்லுறீர்?"

"நடந்ததைத்தானே எழுதினனான், மச்சாள்."

"பக்கத்து ரவுன் மார்க்கத்திலை ஒருத்தர் இதே மாதிரி இடம் வைச்சிருக்கிறார். அவரின்ரை பதிவுக் கொப்பியிலை ஒரு சொல்லு இல்லை, எல்லாம் சரி அடையாளம். அவருக்கு அஞ்சு! எங்களுக்குத்தான் எழுத்தாளர் வந்து வாய்ச்சிருக்கிறா."

காரில் வரும்போது கணவரும் சொன்னார்: "அக்கா சொல்லுறதும் சரிதானே. படிச்சனீர், கொஞ்சம் யோசிச்சு எழுதியிருக்கலாம்." அந்த வீட்டில் என் படிப்பு நினைவுக்கு வருவது இப்படியான நேரங்களில்தான்.

கடிதத்தில் இரண்டு வழி சொல்லியிருந்தார்கள். பிழையை ஒத்துக்கொண்டு, திருத்திவிட்டு, மறுபடி வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அவர்கள் வர ஆறு மாதம் ஆகும். அதுவரை இரண்டு நட்சத்திர அட்டை வாசலில் தொங்கும். இல்லையென்றால், இன்ஸ்பெக்டர் போட்டது பிழை என்று மூன்று கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஒத்துக்கொள்வோம் என்றேன். கிறிஸ்மஸ் விடுமுறைக்கு யார் இரண்டு நட்சத்திர இடத்தில் நாயை விடுவார்கள் என்று கேட்டார் மச்சாள். அவர் சொல்லச் சொல்ல, மேன்முறையீட்டுப் படிவத்தை நான்தான் ஆங்கிலத்தில் எழுதினேன். மஞ்சள் மருந்தே இல்லையாம். எங்கள் வீடுகளில் சாதாரணமாகப் பூசுவதாம்.

ஆனால் அந்தப் படிவத்தில் ஒரு பெட்டி, வேலையில் நின்றவர் தன் கையால் நிரப்பவேண்டியது: காயம் எப்படி ஏற்பட்டது, அப்போது அங்கே யார் இருந்தார்கள். அது இன்னும் வெறுமையாக இருக்கிறது. உண்மையை எழுதினால் இரண்டு நட்சத்திரம் ஒன்றாகக் குறையலாம். மச்சாளின் பிழைப்பு போகலாம். இனி எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் நாயின் காலை நசித்த பிள்ளை என்று என் மகளைக் காட்டுவார்கள். எழுதாவிட்டால், மச்சாளின் பிழையை மட்டும் எழுதத் தெரிந்த நேர்மை என்னுடையது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று வீட்டுக்கு வரும் வழியில், "மாமிக்குச் சொல்லாதேயுங்கோ" என்று மகளிடம் சொன்னேன். இப்போது மாமியைக் கண்டாலே அவள் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கிறாள். அந்த நாய் திரும்ப வருமா, அதனிடம் சொறி சொல்லவேணும் என்றும் கேட்கிறாள்.

படிவத்தை அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பிள்ளை வளர்க்கிறவர்கள், குடும்பத்துக்குள் வேலை செய்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பெட்டியில் நான் என்ன எழுத? முதலில் மச்சாளிடம் சொல்லவா, அல்லது எழுதி அனுப்பிவிட்டுச் சொல்லவா?