முக்கால் சாண் தூரம்

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பயம் என்று சொல்லிவிட முடியாது. தையல் இல்லை, கட்டு இல்லை, இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இருபது நிமிஷம், மறுநாளே எழுந்து நடமாடலாம் என்று தங்கை நூறு தரம் சொல்லியிருந்தாள். தங்கை இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேசர் செய்துகொண்டவள். மருந்துக் கடையில் வேலை. அன்றிலிருந்து கண்ணாடி போட்ட யாராவது கவுண்டருக்கு வந்தால் போதும், இருமலுக்கு மருந்து கேட்க வந்தவர் என்றுகூடப் பார்க்காமல் பிடித்துவைத்துப் பிரசங்கம்தான். சிலர் கடை வாசலிலேயே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வருவதாகக் கேள்வி.

அந்தப் பிரசங்கத்தை அதிகம் கேட்டவள் அக்காதான். அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறரை. எட்டு வயதில் ஏறிய கண்ணாடி. ஏறிய மறுநாளே வகுப்பில் சோடாபுட்டி என்று பெயர் விழுந்தது. வகுப்பில் இருந்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். பெயரை மட்டும் பிறகு பிறந்த தங்கை பத்திரமாக வைத்துக்கொண்டு, அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயதான பிறகும் கூப்பிடுகிறாள்.

கல்யாணப் போட்டோவுக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். அந்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவள் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராக்காரருக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பிரசவ அறையிலும் கண்ணாடியை வாங்கி வைத்துவிட்டார்கள். நர்ஸ் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "மூக்கு அப்படியே அப்பா மூக்கு, பாருங்க" என்றாள். "ஆமா ஆமா" என்று இவளும் சொல்லிவைத்தாள். தெரிந்தது என்னவோ ரோஸ் நிறத்தில் ஒரு கலங்கல். போன வருஷம் ஆசைப்பட்டு நீச்சல் வகுப்பில் சேர்ந்தாள். ஆழம் எவ்வளவு என்று சுவரில் எழுதியிருந்தது தெரியாமல் நேராக ஆழமான பக்கத்தில் போய் இறங்க, பயிற்சி கொடுத்தவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். அத்தோடு சரி.

ஆகவே அவளுக்கு ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எட்டு வயதிலிருந்து இருக்கிற ஆசை அது.

செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அவளுடைய பியூட்டி பார்லர். இரண்டு நாற்காலி, மூன்று நிலைக்கண்ணாடி, ஒரு வாஷ்பேசின். இருபத்திரண்டு வருஷத் தொழில். முடி வெட்டுவாள், சாயம் போடுவாள், ஃபேஷியல் செய்வாள். ஆனால் ஆட்கள் தேடி வருவது புருவத்துக்குத்தான். வீடு மாற்றிக்கொண்டு போனவர்கள்கூட இரண்டு பஸ் மாறி வருவார்கள். கண்ணாடியைக் கழற்றி ஏப்ரன் பாக்கெட்டில் போடுவாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, படுத்திருப்பவர் முகத்துக்கு முக்கால் சாண் தூரத்துக்குக் குனிவாள். அவ்வளவு கிட்டத்தில் அவளுக்குத் தெரிவது மற்றவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முடியும் வேரோடு தனித்தனியாக நிற்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாலும் மற்றவர்களுக்குத் தட்டுப்படாத பூனைமுடியைப் போகிறபோக்கில் அள்ளிக்கொண்டு போவாள். "உன் கை சுத்தம்" என்பார்கள். அவளும் கை என்றுதான் நினைத்திருந்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிந்தபோது டாக்டர் சொல்லத்தான் செய்தார்.

"நாப்பத்திரண்டு வயசாச்சு. தூரத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்காது. ஆனா கிட்டத்துல பாக்க, படிக்க, ஒரு கண்ணாடி தேவைப்படும். போகப்போக நிச்சயமா தேவைப்படும்."

"நான் எங்க டாக்டர் படிக்கிறேன்? பேப்பரை எங்க வீட்டுக்காரரே சத்தம் போட்டுப் படிச்சு, திட்டியும் முடிச்சிடுவார்."

டாக்டர் சிரித்தார், தங்கை சிரித்தாள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இவளும் சிரித்தாள்.

குட்டையைக் குழப்பியது கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், பன்னிரண்டு வருஷ வாடிக்கை. திங்கட்கிழமை நாற்காலியில் சாய்ந்து, இரண்டு விரலால் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாரம் பார்லர் லீவு டீச்சர். வெள்ளிக்கிழமை கண்ணுக்கு லேசர். இனிமே கண்ணாடியே கிடையாது."

"நல்ல விஷயம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"நீ கண்ணாடியைக் கழட்டிட்டுத்தானே என் புருவத்தைப் பாக்கற?"

"ஆமா. போட்டுட்டுக் குனிஞ்சா ஆவி படிஞ்சிடும்."

"சரி. ஆபரேஷனுக்கு அப்புறம் எதைக் கழட்டுவ?"

நூல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? கண்ணுல தண்ணி வருது, சீக்கிரம் முடி" என்றார் டீச்சர்.

டீச்சர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. மண்டையைக் குடைந்தது. சாயங்காலம் வீட்டில் கணவனிடம் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஆபரேஷன் பண்ணா எப்படித் தெரியும்?"

"இப்பக் கண்ணாடி போட்டா எப்படித் தெரியுதோ, அப்படியே கண்ணாடி இல்லாம தெரியும். இதுல என்ன இருக்கு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். கண்ணாடி போட்டுட்டு நான் வேலையே செய்யறதில்லையே."

"அப்ப நாளைக்குக் கண்ணாடியோட செஞ்சு பாரு. ஆளை ஏத்தறதுக்கு முன்னாடி நாங்க லிஃப்டைச் சும்மா ஓட்டிப் பாக்கறோம்ல, அது மாதிரி."

செவ்வாய்க்கிழமை கண்ணாடியைக் கழற்றாமல் குனிந்தாள். வந்தவள் பாங்கில் வேலை பார்ப்பவள். முக்கால் சாணில் எல்லாம் பஞ்சாக அலைந்தது. தலையைப் பின்னால் இழுத்தாள். ஒன்றரைச் சாண் தள்ளிப் போனதும் தெளிந்தது. ஆனால் எல்லாம் சிறுத்துப் போயிருந்தது. பூனைமுடியைக் காணவே இல்லை. முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் குனிந்து பார்த்தால், ஒன்றையும் எடுக்காததுபோல அத்தனையும் அப்படியே இருந்தன. "இன்னும் ஒரு தடவை சாஞ்சுக்கோங்க" என்றாள். "என்னக்கா, இன்னிக்கு நேரமாகுது?" என்றாள் பாங்குக்காரி. அடுத்து வந்தவளுக்கு நூல் தோலைக் கவ்விவிட்டது.

புதன்கிழமையும் அதே கதைதான். கண்ணாடியைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். நூல்கண்டுகளை அடுக்கினாள், கலைத்தாள். காரணமே இல்லாமல் வாஷ்பேசினைத் தேய்த்தாள். ஜன்னலில் நின்று எதிர்ப்பக்கத்துப் பெயர்ப்பலகைகளைக் கண்ணாடியோடு ஒரு தரம், கண்ணாடி இல்லாமல் ஒரு தரம் பார்த்தாள். ஆபரேஷன் செய்தால் கண்ணாடி போய்விடும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால், கழற்றவே முடியாதபடி அதை மாட்டிவிடுகிற காரியமாக அல்லவா இருக்கிறது! இது மற்றவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. அவர்கள் முகத்துக்கு முகம் வைத்துப் பிழைக்கவில்லை.

மத்தியானம் தங்கைக்குப் போன் போட்டாள்.

"ஏன்டீ, உனக்குக் கிட்டத்துல எல்லாம் தெரியுதா?"

"எனக்கு முப்பத்திமூணு வயசு. எல்லாம் தெரியும். ஏன், என்ன புதுசா?"

சொன்னாள். மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

"கண்ணு நல்லாத் தெரியப்போகுதேன்னு கவலைப்படற ஒரே ஆள் இந்த உலகத்துல நீதான்க்கா. உனக்கு எதையும் முழுசா முடிச்சுப் பழக்கமில்ல. நீச்சலைப் பாதியில விட்ட. இப்ப இது."

"நீச்சலை விட்டது இந்தக் கண்ணாலதானடீ!"

"அதைத்தான் நானும் சொல்றேன்! பண்ணிக்கோ, நீஞ்சு. புருவமா பெருசு?"

"எனக்குப் புருவம்தான்டீ சோறு."

"வேலை நேரத்துல மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கோயேன்."

"போட்டுட்டுக் கிட்டக் குனிஞ்சா ஆவி படிஞ்சு ஒண்ணும் தெரியாது. நீ மாத்திரையைத் தூக்கிக் குடுக்கறவ, உனக்கென்ன தெரியும்?"

"ஆமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்குக் கடைசி டெஸ்ட் இருக்கு, மூணு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஓடிப் போயிடாத, சோடாபுட்டி."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் தங்கை வெளியே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே கண் பரிசோதிக்கிற பெண், இருபத்தைந்து வயதிருக்கும், கணினியில் எண்களைத் தட்டிக்கொண்டே இவள் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"நீங்க சொல்றது கரெக்ட்தான்க்கா. சின்னப் பொருளைக் கிட்ட வெச்சு வேலை செய்றவங்க பலபேர் இதைக் கேப்பாங்க. இன்னொரு வழி இருக்கு. ஒரு கண்ணைத் தூரத்துக்குச் சரி பண்ணிட்டு, இன்னொண்ணை அப்படியே விட்டுடலாம். டாக்டர்கிட்ட பேசணும். வேணும்னா இப்பவே ஒரு மாதிரி காட்டறேன்."

கறுப்பாக, கனமாக, வட்டமாக ஒரு சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றினாள். வலது பக்கம் லென்ஸ், இடது பக்கம் வெறும் ஓட்டை.

"வராண்டாவுல ஒரு நடை நடந்து பாருங்க."

"நடக்கறதுல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. வேலை செஞ்சு பாக்கணும்."

"இங்க எப்படிக்கா?"

அவள் பதில் சொல்லாமல் அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தாள். இரண்டு புருவமும் நடுவில் கைகோர்த்துக்கொள்ளப் பார்த்தன.

"நீ இதுல கைவெச்சு ரெண்டு மாசமாச்சா?"

அந்தப் பெண்ணின் விரல் தானாகப் புருவத்துக்குப் போனது. "நாலு மாசம்க்கா. எங்க நேரம்?" கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "அடுத்த பேஷன்ட் வர பத்து நிமிஷம் ஆகும்" என்று சொல்லிக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, கண் பரிசோதிக்கிற நாற்காலியில் தானே ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

கைப்பையில் நூல்கண்டு எப்போதும் இருக்கும். பல்லில் கடித்துக்கொண்டு வலது புருவத்தில் குனிந்தாள். இடது கண்ணுக்கு முடி தெரிந்தது. ஆனால் வலது கண் குறுக்கே வந்து தெளிவில்லாத இன்னொரு முகத்தை அதன்மேல் போட்டது. தோல் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பிடிபடவில்லை. இதோ பட்டுவிட்டது என்று நினைத்த இடத்தில் நூல் காற்றில் ஓடியது. கொஞ்சம் அழுத்தினாள்.

"அம்மா!" என்றாள் அந்தப் பெண்.

"ஐயோ, பட்டுடுச்சா?"

"பரவால்லக்கா. பழகிடும். ரெண்டு மூணு மாசத்துல மூளை பழகிடும்னு சொல்வாங்க."

"அதுவரைக்கும் யார் நெத்தியிலம்மா பழகறது?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, லென்ஸ் ரெண்டு பக்கமும் போட்டுப் பாக்கலாமா?"

"அது ரெண்டு நாளாப் பாத்தாச்சு."

சட்டத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அறை கரைந்து போனது. சுவரில் இருந்த எழுத்துப் பலகை, கணினி, கதவு எல்லாம் ஒரே சாம்பல். குனிந்தாள். முக்கால் சாணில் இடது புருவம் வந்து நின்றது. வேர், முடி, அதன் சாய்வு, தோலின் துளைகள், எல்லாம். நூல் போனது. இரண்டு நாளாகக் கையைப் பிடித்துவைத்திருந்தது எதுவோ விட்டுவிட்டதுபோல இருந்தது. அந்தப் பெண் மூச்சுக் காட்டாமல் கிடந்தாள்.

"நாளைக்குப் பத்தரைக்கு என் பேர் இருக்குல்ல?" நூலைக் கடித்தபடியே கேட்டாள்.

"இருக்குக்கா."

"எடுத்துடும்மா."

"யோசிச்சுக்கூடச் சொல்லலாம். அவசரமில்ல."

"நாலு நாளா வேற என்ன செஞ்சேன்? இந்தப் பக்கம் திரும்பு. முன்ன செஞ்சதைச் சரி பண்ணணும், அசிங்கமா இருக்கு."

வெளியே தங்கை ஆபரேஷனுக்குப் பிறகு விட வேண்டிய சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் வாங்கி மடியில் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரமா? நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?"

"நாளைக்கு இல்ல."

"பின்ன எப்ப?"

"எப்பவும் இல்ல."

தங்கை எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். உள்ளே போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி இரண்டடி வைத்துத் திரும்பினாள். "இப்ப உனக்குச் சந்தோஷமா? நிம்மதியா?"

"இல்ல" என்றாள் அக்கா. உண்மைதான். எரிச்சலாக இருந்தது. யாரோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல இருந்தது. பிடுங்கியது யார் என்று பார்த்தால் அவளேதான். இந்த எரிச்சல் நாளைக்குப் போய்விடுமா, நீச்சல் குளத்தைத் தாண்டிப் போகிற போதெல்லாம் வருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். தங்கை பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள்.

"இரு, மெதுவாப் போ! அப்ப சாகற வரைக்கும் இதோடதானா?"

"தொழிலை விட்டப்புறம் பாக்கலாம். அறுபது வயசுல."

"அறுபது வயசுல ஒருத்தரும் லேசர் பண்ண மாட்டாங்க. அதுக்குள்ள உனக்குப் புரை வந்திருக்கும். அதை எடுத்துட்டு உள்ள லென்ஸ் வெப்பாங்க, அதுலயே இதுவும் சரியாப் போயிடும்" என்று தங்கை வெடுவெடுத்தாள்.

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனார்.

"நிஜமாவா?"

"நிஜம்தான். தினம் பாக்கறேன் கடையில."

"நம்ம அம்மாவுக்கு எத்தனை வயசுலடீ புரை வந்துச்சு?"