சாமி மாடத்து பூஸ்டர்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலைக்கற்றையைக் கண்காணிக்கிற வேலை" என்பேன். கேட்டவர் ஒரு மாதிரி சிரிப்பார். அந்தச் சொல்லைச் செய்தியில் மட்டும் கேட்டவர்களுக்கு ஊழல்தான் ஞாபகம் வரும். பெண் பார்க்கப் போன இடத்தில் என் வருங்கால மாமனார், "அதுல மாப்ளைக்கு எம்புட்டு வந்துச்சு?" என்றே கேட்டுவிட்டார். சம்பளம் மட்டும்தான் வந்தது என்றேன். அவர் முகம் வாடியது. ஆனாலும் பெண் கொடுத்தார்.

உண்மையில் இது பாகப்பிரிவினை பார்க்கிற வேலை. கண்ணுக்குத் தெரியாத காற்றுவெளியில் இந்தத் துண்டு டிவிக்கு, அந்தத் துண்டு போலீஸ் வயர்லெஸ்ஸுக்கு, இன்னொன்று செல்போனுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். ஒருவர் துண்டுக்குள் இன்னொருவர் மாடு மேயாமல் பார்ப்பது எங்கள் பாடு. பழைய டிவி ஒளிபரப்பு, கொடைரோட்டு திராட்சையை லாரியில் அப்படியே கொட்டி ஏற்றியதுபோல இடத்தை அடைத்துக்கொண்டது. டிஜிட்டல் வந்ததும் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அடுக்கிவிட்டார்கள். பாதி லாரி காலி. காலியான இடத்தைச் செல்போனுக்குக் கொடுத்தார்கள். இதை யோசித்தவர்களை நினைத்து நான் இன்றைக்கும் வாய் பிளக்கிறேன். புதிதாக ஒரு பிடி காற்றுகூட விளையவில்லை, இருந்ததிலேயே இடம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்படிக் கொடுத்த அலைவரிசையில், எரியோட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் புதுச் செல்போன் கோபுரம் வந்தது. வந்த நாள் முதல் தகராறு. போனில் சிக்னல் கட்டம் அத்தனையும் நிறைந்து நிற்கிறது, ஆனால் யாரைக் கூப்பிட்டாலும் போகவில்லை. புகார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. நானும் எங்கள் இன்ஜினியர் அம்மாவும் ஜீப்பில் கிளம்பினோம். அவர் திண்டுக்கல் டவுன்காரர், தோல் வியாபாரக் குடும்பம். என்னைவிட வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

கருவியின் திரையில் பார்த்தால் விஷயம் புரிந்தது. கோபுரம் பேசுவதற்கு ஒரு பாதை, நம் போன் பேசுவதைக் கேட்பதற்கு ஒரு பாதை. கேட்கிற பாதையில் எதுவோ ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. கோபுரத்துக்கு வாய் இருக்கிறது, காது போய்விட்டது.

நான் அனுபவசாலி அல்லவா, பார்த்த மாத்திரத்தில் போர்வெல் மோட்டார் என்று தீர்ப்புச் சொன்னேன். தோட்டக்காரரைக் கெஞ்சி மோட்டாரை நிறுத்த வைத்தேன். திரையில் கோடு அசையவில்லை. அப்படியானால் வெல்டிங் பட்டறை என்றேன். பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கோடு அப்படியே நின்றது.

"அடுத்து எத அமத்தணும் சார்? சூரியனையா?" என்று கேட்டார் பட்டறைக்காரர்.

மேடம் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை மட்டும் பார்த்தேன். கையில் பிடிக்கிற ஆன்டெனாவை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். அவர் உடம்பே ஒரு பக்கத்து அலையை மறைக்கும். எந்தப் பக்கம் முதுகு காட்டும்போது இரைச்சல் குறைகிறதோ, ஆள் அந்தப் பக்கம்தான் இருக்கிறான். முச்சந்திக்கு முச்சந்தி நின்று, சுற்றி, நடந்து, நூல் பிடித்ததுபோல் போனார். நானும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். என் உடம்பு எல்லாத் திசையையும் மறைத்துவிட்டது.

நூல் ஒரு மஞ்சள் வீட்டு வாசலில் முடிந்தது. மாடியில் புது டிஷ்ஷுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த பழைய மீன்முள் ஆன்டெனா சாய்ந்து நின்றது. அதன் கழுத்தில் பூஸ்டர், மங்கலான படத்தைத் தெளிவாக்க அந்தக் காலத்தில் எல்லாரும் மாட்டியது. டிவியை டிஷ்ஷுக்கு மாற்றியவர்கள் இதை அணைக்கவில்லை. கேட்பாரில்லாத பூஸ்டர் கெட்டுப்போய், செல்போனுக்குக் கொடுத்த பாதையில் தானே ஊளையிட ஆரம்பித்திருந்தது.

அந்த வீட்டு அக்கா செல்போனும் கையுமாக அப்போதுதான் மெயின்ரோட்டிலிருந்து நடந்து வந்தார். மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். மகளை ஒட்டன்சத்திரம் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார். மாதம் நிறைந்து கிடக்கிறாள், பஸ் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அங்கேயே பிரசவம். வலி கண்டால் உடனே கூப்பிடுவார்கள், அந்தக் கூப்பாடு இந்த ஊருக்குள் வராது. அதனால் வேலையைப் போட்டுவிட்டு, வேறு கோபுரம் எட்டுகிற ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடக்கிறார். முந்தின நாள் அவர் திரும்பி வந்தபிறகு அங்கிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. அது மிஸ்டு கால் செய்தியாக இன்றைக்கு ரோட்டில்தான் வந்து சேர்ந்தது. அங்கேயே நின்று இவர் திருப்பிக் கூப்பிட்டால் மகள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

பூஸ்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி எங்கே என்று கேட்டேன். வாசலிலிருந்தே காட்டினார். சாமி மாடத்தில், படங்களுக்கு நடுவில் இருந்தது. அதிலிருக்கும் சின்னச் சிவப்பு பல்பு முருகன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. டிவி போனபிறகும் அதை அணையாவிளக்காக வைத்திருக்கிறார். மகள் உண்டான நாளிலிருந்து அதற்கு முன்னால்தான் வேண்டுதல்.

நான் சட்டப் பிரிவைச் சொல்லத் தொண்டையைச் செருமினேன்.

"அத அமத்தப்புடாது சார்," என்றார் அக்கா. "எம் மக புள்ளயப் பெத்துப் பொழைக்கிற வரைக்கும் அமத்தப்புடாது."

பெட்டியிலேயே ஒயரைப் பிடுங்கினால் வேலை முடிந்தது. ஆனால் மாடத்துக்குள் யார் கையை விடுவது? மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியோடு நின்றுகொண்டார்.

"அமத்த வேணாம்க்கா. மாடியில கெடக்குற பழசுதான் கத்திக்கிட்டே இருக்கு, அதான் நீங்க பேசுறது டவருக்குக் கேக்கல. இந்தப் பொட்டியிலருந்து அதுக்கு ஒரு ஒயரு போகுது. மாடியிலயே கழட்டிருவோம். வெளக்கு பாட்டுக்கு எரியும்."

"செத்த நேரங்கூட அமராதுல்ல தாயி?"

"அமராது. நீங்க வெளக்கயே பாத்துக்கிட்டு இருங்க, நானும் பாக்குறேன். அண்ணே, ஏறுங்க."

எனக்கு ஏணி என்றால் ஆகாது. எந்தக் கந்தசஷ்டியிலும் நினைக்காத முருகனை ஒவ்வொரு படியிலும் நினைத்து ஏறினேன். துருப்பிடித்த முனையைத் திருகிக் கழற்றினேன். தெருவில் நின்ற எங்கள் டிரைவர் திரையைப் பார்த்து, கோடு போய்விட்டது என்று குரல் கொடுத்தார். கீழே பல்பு இமைக்கவே இல்லையாம்.

அக்கா முற்றத்துக்கு வந்து எண்ணை அமுக்கினார். ஸ்பீக்கரில் மணி போவது மேலே எனக்கே கேட்டது. சம்பந்தி அம்மாள் எடுத்தார்.

"ஏனுங்க, நேத்திருந்து கூப்புட்டு ஓஞ்சு போயிட்டமுங்க. பொய் வலிதானுங்க, ஆசுபத்திரில பாத்துட்டு அனுப்பிச்சுட்டாங்க. இருங்க, பொண்ணுகிட்டக் குடுக்கறனுங்க."

மகள் வந்து முதலில் அழுதாள், பிறகு அம்மா ஏன் எடுக்கவில்லை என்று சண்டை பிடித்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் வைத்துச் சாப்பிட்டாய் என்று கேட்டார். நடுவில் போனைக் கையால் பொத்திக்கொண்டு மேடத்திடம், "சாமி கண்ணத் தொறந்துட்டாரு தாயி" என்றார்.

கேட்கிற பாதை, பேசுகிற பாதை என்று விளக்க நான் கைப்பிடிச் சுவர் மேலிருந்து வாயைத் திறந்தேன். மேடம் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"ஆமாக்கா," என்றார் அவர். "பேசுங்க, நல்லாப் பேசுங்க."

ஏணி அந்த அக்காவின் தோளை ஒட்டி நின்றது. இறங்கினால் பேச்சு கெடும். வெயிலில் டிஷ்ஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கீழே பேச்சு வெஞ்சனத்திலிருந்து வளையலுக்கும், வளையலிலிருந்து பிள்ளைக்கு வைக்கப்போகும் பேருக்கும் போய்க்கொண்டிருந்தது.