அவசரத்தில் அறிவிக்க வேண்டியவர்

எனக்கு அண்ணி மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியத்துக்கு ஏதாவது கௌரவமான காரணம் கண்டுபிடித்து எழுதிவிடுவேன். பல வருடம் அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவளுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய் விவரம் எடுப்பது என் பொறுப்பு. என் தங்கையும் அப்படிப் போனவள்தான். எல்கடுவப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்த மூன்று பேர் நாங்கள்: அண்ணன், நான், அவள். அம்மா இறந்தபோது அவளுக்கு ஏழு வயது. அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான். பேன் பார்த்தவள் நான். இழுப்பு வந்து மூச்சுக்குத் தவித்தால் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளும் நான்தான். அப்புறம் அண்ணன் கல்யாணம் செய்தார். அண்ணி வந்து ஆறு மாதத்துக்குள் என் தங்கை எதற்கெடுத்தாலும் "அண்ணி சொன்னாங்க" என்று தொடங்க ஆரம்பித்தாள். எனக்கு உத்தியோகம் கிடைத்து டவுனுக்கு வந்துவிட்டேன். அவள் அண்ணி கையால் சாப்பிட்டு வளர்ந்து, ஓர் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு நாள் வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சிலிருந்து ஒரு மெடம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். வெளிநாட்டில் சண்டையோ பூகம்பமோ வந்தால் அங்கிருக்கும் நம் ஆட்களை எப்படிக் கூட்டி வருவது என்பதுதான் பயிற்சி. அதுவரை நான், சண்டை வந்த பிறகுதான் கொழும்பில் விழித்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. அந்தந்த நாட்டிலிருக்கும் நம் தூதரகம் நகரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் அங்கேயே வேலை செய்யும் நம்மவர் ஒருவரைப் பொறுப்பாக வைத்திருக்கிறது. எந்த மைதானத்தில் கூடுவது, அந்த வழி அடைபட்டால் எங்கே கூடுவது, பஸ்ஸுக்கு யாரைக் கேட்பது எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டை எஜமான் பிடுங்கி வைத்திருப்பவர்களுக்குக் கொடுக்க வெற்றுப் பயணப் பத்திரங்கள்கூட ஓர் இரும்புப் பெட்டியில் தயாராக இருக்கின்றன.

"அங்க லைன் எல்லாம் விழுந்துபோகும். ஆளைப் பத்தின விவரம் வீட்டுல இருந்துதான் வரணும்" என்றார் மெடம். அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகப் படிவத்தில் அவசரத்தில் அறிவிக்க வேண்டியவர் என்று ஒரே ஒருவரைத்தான் எழுதலாம். இரண்டு பேரை எழுதினால் ஒருவர் எடுப்பார் என்று மற்றவர் விட்டுவிடுகிறாராம். பிரச்சினை வந்தால் அமைச்சிலிருந்து அந்த ஒரு எண்ணுக்கு அரை மணிக்கு ஒரு தடவையாக மூன்று தடவை அழைப்பார்கள். கடவுச்சீட்டு எண், வேலை செய்யும் வீடு, உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா, இவற்றைச் சொன்னால் முதல் பட்டியல். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அதிலும் முதலில். எடுக்காவிட்டால் இரண்டாம் பட்டியல்.

பயிற்சியின் இரண்டாம் நாள் ஒத்திகை. மண்டபத்து மேசையில் ஒரு போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டு, தூதரகத்திலிருந்து வந்த பட்டியல்படி அழைத்தார்கள். ஒருவர் கம்பெனிக்காரன் ஏமாற்றப் பார்க்கிறான் என்று திட்டிவிட்டு வைத்தார். ஓர் அம்மா "ஒத்திகை" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒப்பாரி வைத்துவிட்டார். இன்னொருவர் கடவுச்சீட்டின் போட்டோக் கொப்பி அலமாரியில் இருக்கிறது, சாவி மருமகனிடம் இருக்கிறது, மருமகன் தம்புள்ளையில் இருக்கிறான் என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்து என் தங்கையின் பெயரை வாசித்தார்கள்.

"என் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே நான் என் போனைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன். பட்டென்று எடுத்து, படபடவென்று சொல்லி, இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று காட்டப்போகிறேன் என்ற நினைப்பு. மெடம் எண்ணை அழுத்தினார். என் போன் பேசாமல் கிடந்தது. ஸ்பீக்கரில் இரண்டாவது மணி அடிப்பதற்குள் ஒரு குரல் வந்தது. பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். அண்ணி.

அண்ணிக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கடவுச்சீட்டு எண்ணை மனப்பாடமாகச் சொன்னார். எஜமானின் வீடு எந்தப் பள்ளிவாசலுக்கு எதிரில் என்று சொன்னார். "நாத்தனாருக்கு இழுப்பு இருக்குங்க. மூச்சுக்கு இழுக்குற பம்ப் இல்லாம ரெண்டு நாளு தாங்க மாட்டா. அத மறக்காம எழுதிக்குங்க" என்றார். அதையே சிங்களத்திலும் சொன்னார். மெடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டு ஆளா? எல்லாரும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்லை."

மண்டபத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த இழுப்போடு எத்தனை ராத்திரி உட்கார்ந்திருந்தவள் நான்! அதை இவர் ஊரறிய ஒப்பிக்கிறார், கைதட்டு வாங்குகிறார்.

தங்கையிடம் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயம். ஒவ்வொரு மாதமும் மாறிய எண்களைத் திருத்தி அமைச்சுக்கு அனுப்புவது என் வேலை. அந்த மாதம் திருத்தப் பட்டியலில் கடைசி வரியாக என் தங்கையின் பெயரைச் சேர்த்தேன். அண்ணியின் எண்ணை வெட்டி என் எண்ணைப் போட்டேன். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் பெறப்பட்டது என்ற கட்டத்தில் சரி என்று குறித்தேன். சரிபார்க்க வேண்டிய உத்தியோகத்தரும் நானே. கையெழுத்தும் போட்டேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பது ஞாபகமிருக்கிறது.

ஆறேழு மாதம் கழித்து தங்கை இருந்த நாட்டுப் பக்கம் நிலைமை கெட ஆரம்பித்தது. செய்தியில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொன்னார்கள். விடுபட்ட குடும்பங்களின் விவரத்தை உடனே எடுத்து அனுப்பும்படி எங்களுக்குக் கடிதம் வந்தது. எனக்கு விழுந்தது லக்கல. காலை பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாத ஊர். மலையைத் தாண்டி இறங்கினால் போன் வெறும் கடிகாரம்தான். வயலுக்கும் காட்டு மேட்டுச் சேனைப் பயிருக்கும் நடுவில் வீடு வீடாக நடந்து, "போனைக் கையிலேயே வச்சிருங்க, கோல் எப்ப வரும்னு சொல்ல முடியாது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். பதினேழு வீடு. நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை.

பின்னேரம் திரும்பும்போது பஸ் உச்சியைத் தாண்டி ரத்தோட்டைப் பக்கம் இறங்கியது. கையிலிருந்த போன் துடிக்க ஆரம்பித்தது. கொழும்பு எண்ணிலிருந்து மூன்று தவறிய அழைப்பு. அரை மணிக்கு ஒன்று.

பஸ்ஸில் நின்றுகொண்டே திருப்பி அழைத்தேன். அன்று காலை அந்த நாட்டு விமான நிலையத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்து, ஒரே ஒரு விமானத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். பட்டியலை இரண்டு மணிக்கு மூடிவிட்டார்கள். இழுப்பைப் பற்றிச் சொன்னேன், கடவுச்சீட்டு எண் சரியாக ஞாபகம் வரவில்லை என்றும் சொன்னேன். மறுமுனையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "எழுதிக்கிறேன் மெடம். ஆனா இப்ப ரெண்டாம் பட்டியல்தான். அடுத்த பிளேன் எப்பன்னு எங்களுக்கே தெரியாது."

அடுத்த விமானத்துக்குப் பதினொரு நாள் ஆனது. அந்தப் பதினொரு நாளும் அவள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு தரையில் கிடந்தாள். பம்ப் நாலாம் நாள் தீர்ந்துபோனது. எப்போதாவது லைன் கிடைத்தால் பேச்சை விட மூச்சின் சத்தம்தான் அதிகம் கேட்டது.

மூன்றாம் நாள் அண்ணி தனக்கு ஏன் கோல் வரவில்லை என்று விசாரிக்க எங்கள் அலுவலகத்துக்கே வந்திருக்கிறார். நான் இல்லை. பக்கத்து மேசைக்காரி நல்ல மனதோடு பட்டியலைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் அண்ணி என் வாடகை வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கடவுச்சீட்டுக் கொப்பி, மருந்துச் சிட்டை, எஜமான் வீட்டு விலாசம்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். அடுத்த கோல் உனக்குத்தான வரும்" என்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நீ வேலையா லக்கல அங்க இங்கன்னு போயிருவ, சிக்னல் இருக்காது, நான் ஒரே எடத்துல கெடக்குறேன்னுதான் அவ எம் பேரப் போட்டா. வேற ஒண்ணுமில்ல தங்கச்சி."

அவ்வளவுதான் காரணம். என்னை வேண்டாம் என்று அவள் எழுதவில்லை. அது மண்டையில் ஏறிய அதே நேரத்தில் இன்னொன்றும் ஏறியது: அந்தக் காரணத்தை அவள் என்னிடம் சொல்லவில்லை, அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அதுதான் தைத்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

தங்கை வந்து சேர்ந்தாள். பாதி உடம்புதான் வந்தது. கொஞ்சம் தேறியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் லயத்துக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணியைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இருந்தது நீங்க ஒருத்தங்கதான் அண்ணி. ஒரு போன எடுக்கக்கூடவா ஒங்களுக்கு முடியல? அங்க கூட இருந்தவளுங்க எல்லாம் மொத நாளே போய்ட்டாளுங்க. ஏன்னு கேட்டா, வீட்டுல போன் எடுக்கலன்னு சொல்றாங்க."

அண்ணி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டு, "அன்னைக்கு இங்கயும் சிக்னல் இல்லம்மா" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவரே மூடி வைத்த பிறகு யார் திறக்கப்போகிறார்கள்? ஆனால் அந்தப் பெருந்தன்மையையும் அவருக்கே விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல மனதால் இல்லை, அந்தப் பொறாமையால்தான் உண்மையைச் சொன்னேன். எண்ணை வெட்டியது, கையெழுத்துப் போட்டது, லக்கலயில் நின்றது எல்லாம் சொன்னேன். தங்கை என்னைத் திட்டுவாள், அடிப்பாள், அழுவாள், அந்தக் கோபமாவது எனக்கு மட்டும் என்று கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி," என்றாள், "நான் அக்காவ இப்ப என்ன சொல்லட்டும்?"