கோயிலில் நான் சொல்லாமல் விட்ட பாதி

இதை எழுத மூன்று வருடமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், கை கூசும், வைத்துவிடுவேன்.

நாங்கள் கிள்ளான் பட்டணத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர். அவருக்குப் பல வருடமாக நெஞ்செரிச்சல். சாப்பிட்டுப் படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறும். ஒரு வழியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவர் மயக்கம் தெளியாமல் படுத்திருந்ததால் டாக்டர் என்னிடம்தான் விவரம் சொன்னார்.

"ஆன்டி, இது கேன்சர் இல்ல. ஆனா புளிப்பு பட்டுப் பட்டு உணவுக்குழாயோட உள்தோல் மாறியிருக்கு. எல்லாருக்கும் இது கேன்சரா போகாது. சில பேருக்குப் போகலாம். மருந்த விடாதீங்க. ஆறு மாசத்துல திரும்பப் பாக்கணும்."

"கேன்சர் இல்ல" என்று முதலில் சொன்னது மட்டும்தான் என் காதில் ஏறியது. அந்த வெள்ளிக்கிழமையே அம்மனுக்குப் பாலபிஷேகம் செய்தேன். அன்னதானத்தில் எல்லார் முன்னாலும் அழுதுகொண்டே சொன்னேன்: "கேன்சரோன்னு பயந்து போனோம். அம்மா ஒண்ணுமில்லாம ஆக்கிட்டா!" கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது? யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? மறுபரிசோதனை அட்டையைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்தேன். அவரிடம், "ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றேன். மருந்தும் தீர்ந்தது, மறுபடி வாங்கவில்லை. ஒன்றரை வருடம் ஓடியது.

ஒருநாள் கோயிலில் ஓர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணனுக்கும் அதே எரிச்சல்தான். குழாய் விட்டுப் பாக்குற ஸ்கோப்புக்குத் தேதி குடுத்தாங்க. அவருகிட்ட ஒங்க கதைய சொன்னேன். 'அப்ப ஸ்கோப் வேணாம் லா, நானும் அம்மாகிட்டயே வேண்டிக்கிறேன்'னுட்டாரு."

"அக்கா, அண்ணன உடனே கூட்டிட்டுப் போங்க. நான் முழுசா சொல்லல," என்று அங்கேயே உண்மையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து சேலைகளுக்கு அடியிலிருந்த அட்டையை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேலையோட என்னையும் சேத்து மடிச்சு வச்சிட்டியா?" என்றார்.

ஆஸ்பத்திரியில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது மாற்றம் முற்றியிருந்தது. இன்னும் கேன்சர் ஆகவில்லை, அதற்கு முந்தின படி என்றார் டாக்டர். "ஏன் அங்கிள் இவ்ளோ லேட்டு?"

"லோரி வேல, டாக்டர். லீவு கெடைக்கல."

என் பக்கம் திரும்பாமலே சொன்னார். நான்தான் காரணம் என்று திருத்தாமல் அதை அப்படியே விட்டுவிட்டேன்.

கெட்டுப்போன இடத்தைக் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். இப்போது மருந்தும் பரிசோதனையும் தவறுவதில்லை. அந்த அக்காவின் அண்ணனும் போய் ஸ்கோப் பார்த்துக்கொண்டார்.

இதை யாரிடமாவது சொல்வதானால், டாக்டர் சொன்னதையும் நான் மறைத்ததையும் சேர்த்து, கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். அம்மன் பெயரைச் சொல்லியே என் வீட்டுக்காரரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேனே என்பதை, வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றும்போது அவளிடமே சொல்லி அழுதுகொண்டிருக்கிறேன்.