பாலத்தடிக் கருவியும் ஐந்து வெள்ளியும்

தம்பின் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் என் கணவர் பிறந்த தோட்டம் வரும். வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் ஓர் ஆறு ஓடுகிறது. ஆறு என்று சொல்லவே தயங்கும் அளவுக்குச் சிறியது. ஆனால் மலைப்பக்கம் பெருமழை பெய்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஏறிவிடும். நான் கல்யாணமாகி வந்த சில வருடங்களில் அது வீடுகளுக்குள் புகுந்தது. மாமியாரின் குளிர்பெட்டி, தையல் மெஷின், மெத்தை எல்லாம் ஒரே மத்தியானத்தில் போயின. உயிர்ச்சேதம் இல்லையே என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. தண்ணீர் வருகிறது என்று கொஞ்சம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் மெத்தையையாவது மேலே தூக்கி வைத்திருக்கலாம்.

நான் செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷனாக வேலை செய்கிறேன். தொட்டிகளில் திரவ மட்டத்தை அளக்கும் சென்சார்களைப் பழுது பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. தொட்டியில் அளப்பதை ஆற்றில் அளந்தால் என்ன என்று தோன்றியது. ஓய்வு நாள்களில் உட்கார்ந்து ஒரு கருவி செய்தேன். ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சென்சார், ஒரு சிம் கார்டு, மேலே உள்ளங்கை அளவு சூரியத் தகடு. தண்ணீர் குறித்த மட்டத்தைத் தாண்டினால் தோட்டத்தில் உள்ள எல்லாருடைய கைப்பேசிக்கும் செய்தி போகும். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடியே அதை அடியில் பொருத்தினார். அடுத்த மழைக்காலத்தில் அது வேலை செய்தது. தண்ணீர் வந்தபோது சாமான்கள் மேலே இருந்தன, மனிதர்கள் கோயில் மண்டபத்தில் இருந்தார்கள்.

கருவியின் வரைபடத்தையும் அதை இயக்கும் நிரலையும் நான் இணையத்தில் போட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், காசு தர வேண்டாம் என்று எழுதி வைத்தேன். நானும் இப்படி யாரோ இலவசமாகப் போட்டு வைத்ததைப் படித்துத்தானே கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாளில் எங்கெங்கோ இருந்து ஆள்கள் எழுதத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியின் ஆசிரியை. பள்ளிக்குப் பக்கத்து ஓடையில் கருவியை வைத்துவிட்டு, எச்சரிக்கைச் செய்திகளைச் சிங்களத்திலும் மொழிபெயர்த்து அனுப்பினார். நாங்கள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வாரம் ஒருமுறையாவது பேசிக்கொள்வோம்.

ஆள் கூடக் கூட வேலையும் கூடியது. எல்லா ஊர்க் கருவிகளும் செய்தி அனுப்புவது நான் வாடகைக்கு எடுத்திருந்த ஒரே சர்வர் வழியாக. அந்த வாடகை மாதா மாதம் ஏறியது. அந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் அழைத்தார். நல்ல விலை சொன்னார். ஒரே நிபந்தனை, இனி யாருக்கும் இலவசம் கிடையாது, நிரலை மூடிவிட வேண்டும்.

அன்று சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "உனக்கு எது சரின்னு படுதோ அத செய். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த பில்ல நம்ப ரெண்டு பேரு சம்பளத்துல எவ்ளோ நாளைக்கு கட்டுறது?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை.

ஆசிரியையிடம் சொன்னபோது அவர் உடனே, "மூடிடாதீங்க அக்கா, ஒரு வழி இருக்கு" என்றார். இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறதாம். அலுவலகம் இல்லை, முதலாளி இல்லை, பல நாட்டுக்காரர்கள். எல்லாருக்கும் பயன்படும் இலவச மென்பொருள்கள் செத்துப்போகக் கூடாது என்று அவர்கள் ஒரு பொதுப்பணம் சேர்த்து வைத்து, அவ்வப்போது ஒரு சுற்று நடத்துகிறார்கள். அந்தச் சுற்றில் யாரும் தனக்குப் பிடித்த திட்டத்துக்குச் சிறு தொகை போடலாம். பொதுப்பணம் அதைப் பார்த்துப் பிரிக்கப்படும். அதில்தான் விசேஷம். ஒரு பணக்காரத் தவுக்கே, அதாவது முதலாளி, ஆயிரமாகப் போட்டால் கிடைக்கும் பங்கைவிட, பல பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் கிடைக்கும் பங்கு மிகப் பெரிது. தொகை எவ்வளவு என்பதைவிட எத்தனை பேர் என்பதுதான் முக்கியம்.

எனக்குப் பணக்காரர் யாரையும் தெரியாது. ஆனால் நிறையப் பேரைத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். மண்டபத்துத் தொலைக்காட்சியில் அந்த இணையப் பக்கத்தைக் காட்டி, ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டால் போதும், ஒரு நாசி லெமாக் தேங்காய்ச் சோறும் ஒரு தே தாரிக் டீயும் விற்கும் விலைதான் என்று விளக்கினேன். தோட்டக் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, "இன்டர்நெட்டுல காசுன்னாலே ஸ்கேம்தாலா" என்றார். பலர் தலையாட்டினார்கள்.

தோட்டத்து வாசலில் நாசி லெமாக் கடை வைத்திருக்கும் அக்கா எழுந்தார். பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொன்ன ஒரு கும்பலிடம் தன் சேமிப்பு முழுவதையும் இழந்தவர் அவர். போலீஸில் புகார் கொடுத்தும் ஒன்றும் வரவில்லை.

"இதுல தலைவரு யாரு?"

"யாரும் இல்லக்கா."

"தலைவரே இல்லன்னா காசு யாரு கையில இருக்கும்?"

"யாரு கையிலயும் இருக்காது. எப்படி பிரிக்கணும்னு எல்லாரும் சேந்து முன்னாலேயே விதி எழுதி, கம்ப்யூட்டர்ல பூட்டிட்டாங்க. தனியா ஒருத்தரு எடுக்க முடியாது. எவ்ளோ வந்துச்சு, எங்க போச்சுன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம்."

"என்கிட்ட வாங்குனவனும் பாக்கலாம்னுதான் சொன்னான்."

நான் யோசித்துக் கேட்டேன்: "அவன் எவ்ளோ திருப்பித் தரேன்னு சொன்னான்க்கா?"

"டபுளா."

"இதுல ஒரு காசு திரும்ப வராது. போட்டா போட்டதுதான். பாலத்துக்கு அடியில கருவி வேலை செய்யும், வேற எதுவும் கிடைக்காது."

அவர் சிரித்துவிட்டார். "திரும்ப வராதுன்னு நேரா சொல்ற மொத ஆளு நீதாலா. எப்படி போடுறது, காட்டு."

அவர் கைப்பேசியில் ஒரு கணக்கைத் திறந்து, வங்கி அட்டையால் ஐந்து வெள்ளி போட உதவினேன். கொஞ்சம் காத்திருந்தோம். தொலைக்காட்சியில் எங்கள் திட்டத்தின் கீழே புதிதாக ஒரு வரி வந்தது. அக்கா கிட்டே போய் அதன்மேல் விரலை வைத்தார்.

"இதான் என் காசா?"

"ஆமாக்கா."

"இத அமெரிக்காவுல இருக்கறவனும் பாக்கலாமா?"

"பாக்கலாம்."

"சரி, அடுத்த ஆளு வாங்க."

வரிசை மண்டபத்துக்கு வெளியே வரை நீண்டது. தலைவர் கடைசியில் வந்து, யாரையும் பார்க்காமல் அட்டையை நீட்டினார். அந்த வாரம் என் தொழிற்சாலை கேன்டீனில் மலாய், சீன நண்பர்கள் போட்டார்கள். அம்பாங்கானில் என் கணவரின் நண்பர் போகும் தேவாலயத்தில் வழிபாடு முடிந்து ஒரு கூட்டமே போட்டது. மலையகத்தில் ஆசிரியை வீடு வீடாகப் போனார்.

பிறகு ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அந்த இணையக் கூட்டத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒரே இடத்தில், ஒரே இணைய இணைப்பில், ஒரே காலையில் இத்தனை புதிய கணக்குகளா? ஒரே ஆள் பல பேராக வேஷம் போட்டுப் பொதுப்பணத்தைச் சுருட்டப் பார்ப்பதாகச் சந்தேகிக்கிறோம். உங்கள் தோட்டத்திலிருந்து வந்த ஆதரவை நிறுத்தி வைத்திருக்கிறோம். மறுப்பு இருந்தால் எல்லார் முன்னிலையிலும் சொல்லலாம்.

என் முகம் சூடேறியது. வேலை முடிந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போய்க் கடையில் அக்காவிடம் சொன்னேன். அவர் கொதிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ நம்ப எல்லாரும் ஒரே ஆளாம்" என்றார், இலையை மடித்துக்கொண்டே. "கோவப்படாத. சந்தேகப்படறது நல்லதுதாலா. என் காச எடுத்துட்டுப் போனப்ப ஒருத்தனாச்சும் இப்படி சந்தேகப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். கேக்குறாங்கன்னா காட்டிட்டு வருவோம்."

அடுத்த ஞாயிறு எல்லாரும் பாலத்தின்மேல் கூடினோம். கணவர் லோரியைக் குறுக்கே நிறுத்தி வழியை மறித்தார். கைப்பேசியை ஒரு கம்பில் கட்டி, அந்த இணையக் கூட்டத்தின் திறந்த அரங்கில் நேரடியாகப் பேசினோம். எந்தெந்த நாட்டு முகங்களோ சின்னச் சின்னக் கட்டங்களில் எங்களைப் பார்த்தன. ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் பெயரையும், ஆறு தன் வீட்டிலிருந்து எடுத்துப்போனதையும் சொன்னார்கள். ஒருவர் கட்டில் என்றார். ஒருவர் கல்யாணப் படங்கள் என்றார். ஒரு பெண் மகளின் பள்ளிச் சீருடை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். ஆசிரியை மலையகத்திலிருந்து ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

கட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் மரியாதையாகக் கேட்டார், ஏன் எல்லாரும் ஒரே இணைப்பில் போட்டீர்கள் என்று. ஆசிரியை தமிழில் சொன்னதும் அக்கா முன்னால் வந்தார்.

"மண்டபத்துல மட்டும்தான் வைஃபை இருக்கு, எல்லாரும் அதுலதான் போட்டோம். நம்பலன்னா வாங்க, என் வீட்டுல நின்னு நீங்களே பாருங்க. நாசி லெமாக் நான் தரேன்."

அது மொழிபெயர்ந்து போய்ச் சேர்ந்ததும் கட்டங்கள் எல்லாம் சிரித்தன. கேள்வி கேட்டவரும் சிரித்தார். பிறகு உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். எங்கள் பெயர்கள் ஒவ்வொன்றாக மறுபடி பட்டியலில் ஏறின. பாலத்தில் யாரோ விசிலடித்தார்கள். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடியே விட்டார்.

சுற்று முடிந்தபோது, ஆள் எண்ணிக்கையில் எங்களைவிடப் பெரிய திட்டங்கள் வெகு சிலவே இருந்தன. எங்களுக்கு வந்த பங்கு அந்தக் கம்பெனிக்காரர் சொன்ன விலையைவிடக் குறைவுதான். ஆனால் இதில் யாரும் எதையும் மூடச் சொல்லவில்லை. நான் கம்பெனிக்காரரை அழைத்து, நன்றி, விற்கவில்லை என்றேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது இருந்த சந்தோஷம் என் முதல் சம்பளத்தில்கூட எனக்கு இருந்ததில்லை. சர்வர் வாடகையை இனி என் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆற்றின் மேல்பக்கம் இன்னொரு கருவி வைத்தோம். இதுவரை சும்மாவே உழைத்த ஆசிரியைக்கும் கூலி போனது. செலவு முழுவதையும் எவரும் பார்க்கும்படி அதே பக்கத்தில் போட்டோம்.

அந்த மழைக்காலத்தில் ஆறு மறுபடி ஏறியது. மேல்பக்கக் கருவி வெகு முன்னதாகவே சொல்லிவிட்டதால் மாமியார் நிதானமாகச் சமைத்து முடித்து, பானையோடு மண்டபத்துக்கு வந்தார். ஒரு வீட்டிலும் ஒரு பொருளும் போகவில்லை. அதற்குச் சில வாரங்கள் கழித்து மலையகத்து ஓடை பெருகியபோது, ஆசிரியை பிள்ளைகளை எல்லாம் மேட்டுக்கு ஏற்றிவிட்டுப் படம் அனுப்பினார். ஈரச் சீருடையில் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் வேலையிடத்தில் அதைப் பார்த்து அழுதேன், வெட்கமில்லாமல்.

இப்போது கடைக்கார அக்கா அந்த இணையக் கூட்டத்தில் முழு உறுப்பினர். ஒவ்வொரு சுற்றிலும் கடைக்கு ஆள் குறைந்த நேரத்தில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு திட்டங்களைப் பார்ப்பார். புரியாததை என்னிடமும், என்னால் முடியாததை ஆசிரியையிடமும் கேட்பார். போன சுற்றில் கிணற்று நீரில் உப்பை அளக்கும் ஒரு கருவி வந்தது, எங்கோ தொலைவில் ஒரு மீனவ ஊர்.

"இவங்க நெசமான ஆளுங்கதானான்னு கேட்டு எழுது" என்றார். "மூஞ்சிய காட்டச் சொல்லு."

எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கடற்கரையில் ஓர் ஊரே வரிசையாக நின்று, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கையசைத்தது. அக்கா கடைசி ஆள் வரைக்கும் பார்த்தார். பிறகு ஐந்து வெள்ளியைப் போட்டுவிட்டு, கடைக்கு வந்தவர்களையும் போடச் சொன்னார்.